திருச்சியில் அமர்ந்து பர்மிங்காம் பென்ஷன் கோப்புகளைத் திறக்கலாமா?

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 36. சொந்த ஊர் திருச்சி. கணவரும் பள்ளிக்குப் போகும் ஒரு மகனும் இருக்கிறார்கள். பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணம். 2021-இல், பெருந்தொற்றுக் காலத்தில், பல கம்பெனிகளின் ஓய்வூதியத் திட்டங்களை ஏற்று நடத்தும் ஒரு நிர்வாக நிறுவனத்தில் சேர்ந்தார். நேர்காணல் தொடங்கி எல்லாமே வீட்டிலிருந்துதான். ஓய்வு பெறப்போகிறவர்களுக்குக் கணக்கிட்டு மதிப்பீட்டுக் கடிதம் அனுப்புவது, பென்ஷனை வேறு திட்டத்துக்கு மாற்றக் கேட்பவர்களின் கோப்புகளைச் சரிபார்ப்பது, உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பது ஆகியவை அவருடைய வேலை. அலுவலகம் பர்மிங்காமில் இருக்கிறது.

போன டிசம்பரில் விடுமுறைக்குத் திருச்சி போயிருந்தபோது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்த கையோடு திரும்ப மனம் வராமல், யாரிடமும் சொல்லாமல் நான்கு நாள் அண்ணன் வீட்டிலிருந்தே அலுவலக மடிக்கணினியில் வேலை செய்திருக்கிறார். இப்போது அண்ணனுக்கு ஓசூருக்கு மாற்றல். அம்மாவுக்குத் துணை இல்லை. பதினான்கு வாரம் திருச்சியில் இருந்தபடி வேலையையும் பார்க்க வேண்டும் என்கிறார். இதே சமயத்தில் நிறுவனம் வாரத்துக்கு இரண்டு நாள் அலுவலகம் வரச் சொல்லியிருக்கிறது. மடிக்கணினிகளில் கண்காணிப்பு மென்பொருளும் போட்டிருக்கிறது. "டிசம்பரில் எங்கிருந்து உள்நுழைந்தீர்கள் என்று உறுதிப்படுத்தவும்" என்று மேலாளர் கேட்ட மின்னஞ்சல் ஐந்து நாளாகப் பதிலில்லாமல் கிடக்கிறது.

அவர் கேட்பவை நான்கு. நாலரை ஆண்டு வீட்டிலிருந்து வேலை செய்ததால் அது என் உரிமையாகிவிட்டதல்லவா? அம்மா நடக்க முடியாதவர் என்பதால் திருச்சியிலிருந்து வேலை செய்ய அனுமதிப்பது நிறுவனத்தின் கடமையல்லவா? திரையைக் கண்காணிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா? மேலாளருக்கு என்ன பதில் எழுதுவது?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட நான்கையும் விட, கேட்காமல் விட்ட ஒன்றுதான் அவசரமானது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த எக்செல் கோப்பு

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: நிறுவனக் கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் அடிக்கடி அறுந்ததால் 38 உறுப்பினர்களின் விவரம் அடங்கிய ஒரு எக்செல் கோப்பை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி, அண்ணனின் கணினியில் முடித்து, திருப்பி அனுப்பினீர்கள். பெயர், பிறந்த தேதி, தேசியக் காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருந்தன. "வேலை தாமதமாகக் கூடாதே என்றுதான் செய்தேன்" என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் நிறுவனம் உங்கள் மீது நடவடிக்கை எடுப்பதானால் திருச்சியில் இருந்ததற்காக எடுப்பதைவிட இதற்காக எடுப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அந்த விவரங்கள் உங்களுடையவை அல்ல, உங்கள் நிறுவனத்துடையவையும் அல்ல. பிரிட்டனில் ஒரு தொழில்சார் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பொறுப்பு அதன் அறங்காவலர்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் அவர்களே தரவின் கட்டுப்பாட்டாளர்கள். உங்கள் நிறுவனம் அவர்கள் எழுத்தில் தந்த அறிவுறுத்தலின்படி மட்டும் தரவைக் கையாளும் ஒப்பந்தக்காரர். ஒரு கோப்பு அனுமதியில்லாத இடத்துக்குப் போனால் நிறுவனம் தாமதமின்றி அறங்காவலர்களுக்குச் சொல்ல வேண்டும். உறுப்பினர்களுக்கு ஆபத்து இருக்கக்கூடும் என்றால், அறங்காவலர்கள் தங்களுக்குத் தெரிந்த 72 மணி நேரத்துக்குள், தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் மௌனமாக இருக்கும்வரை இவற்றில் எதையும் அவர்களால் செய்ய முடியாது. பின்னால் இது வெளிவந்தால், அந்த மௌனமே தனிக் குற்றச்சாட்டாக நிற்கும்.

இந்தத் துறை ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 2023 மார்ச்சில், ஓய்வூதியத் திட்டங்களை நிர்வகிக்கும் கேப்பிட்டா நிறுவனத்தில் ஒரே ஒரு ஊழியரின் கணினியில் இறங்கிய தீய கோப்பு, 66 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோவதில் போய் முடிந்தது. 300-க்கும் மேற்பட்ட ஓய்வூதியத் திட்டங்கள் பாதிக்கப்பட்டன. 2025 அக்டோபரில் தகவல் ஆணையர் 1 கோடியே 40 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார். அதற்குப் பிறகு பிரிட்டனில் எந்த பென்ஷன் நிர்வாக நிறுவனமும் "ஒரு சின்ன எக்செல்தானே" என்று விட்டுவிடும் மனநிலையில் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஜிமெயிலிலும் அண்ணனின் கணினியிலும் இருக்கும் பிரதிகளை நீங்களாக அழிக்காதீர்கள். பதற்றத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அழிப்பதுதான். ஆனால் சொல்வதற்கு முன் அழித்தால் தடயத்தை மறைத்தது போலாகிவிடும். கோப்பை இனித் திறக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு, மேலாளருக்கும் நகலிட்டு, எந்தக் கோப்பு, எந்தத் தேதி, எந்தக் கணக்கு, யார் கணினி, வேறு யாராவது பார்த்தார்களா, எப்படி அழிக்க வேண்டும் என்று நிறுவனம் சொன்னால் அப்படியே செய்யத் தயார் என்று எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரோ, தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் சங்கப் பிரதிநிதியோ படித்துப் பார்க்கட்டும். ஒரு நாளுக்கு மேல் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

குற்ற வழக்கு வருமா என்ற பயம் உங்கள் வரிகளில் தெரிகிறது. 2018-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, கட்டுப்பாட்டாளரின் சம்மதமின்றித் தெரிந்தோ அசட்டையாகவோ தனிப்பட்ட தரவைப் பெறுவதைக் குற்றமாக்குகிறது. தண்டனை அபராதம் மட்டுமே, சிறை கிடையாது. அந்தப் பிரிவில் வழக்குக்குப் போவது பெரும்பாலும் வாடிக்கையாளர் பட்டியலை விற்றவர்கள், வேலை மாறும்போது தரவை அள்ளிக்கொண்டு போனவர்கள், அக்கம்பக்கத்தாரின் விவரத்தை வேடிக்கை பார்த்தவர்கள். தன் வேலையை முடிக்கக் கோப்பை அனுப்பிக்கொண்ட ஒருவர் அந்த வரிசையில் நிற்பது அரிது. ஒழுங்கு நடவடிக்கை என்பது வேறு, அது வரலாம். எழுத்து எச்சரிக்கையோடு முடியலாம், கடுமையான தவறு என்று சொல்லி வேலைநீக்கம் வரைக்கும் போகலாம். இரண்டில் எது என்பதைத் தீர்மானிப்பதில், நீங்களாகச் சொன்னீர்களா, அவர்களாகக் கண்டுபிடித்தார்களா என்பதற்குப் பெரிய இடம் உண்டு.

இதோடு மேலாளரின் மின்னஞ்சலுக்கும் பதில் வந்துவிடுகிறது. சாதாரண ஊழியர் தன் தவறுகளை எல்லாம் தானே முன்வந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற பொதுவான கடமை ஆங்கிலச் சட்டத்தில் இல்லை. ஆனால் நேரடியாகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வது வேறு. தரவுச் சம்பவங்களை உடனே தெரிவிக்க வேண்டும் என்பது உங்கள் நிறுவனத்தின் கொள்கையிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் கணினியில் பயிற்சி முடித்துக் கையொப்பமும் இட்டிருப்பீர்கள். ஆகவே "திருச்சியில் இருந்தேன், அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை, அனுமதி கேட்காதது என் பிழை" என்று நான்கு வரியில் உண்மையை எழுதுங்கள். தோழி சொன்ன யோசனை, அதாவது இங்கிலாந்து வீட்டில் ஒரு கருவியை வைத்து அதன் வழியாக இணைத்தால் உள்ளூரில் இருப்பது போலவே காட்டும் என்பது, இதைவிட மோசமான யோசனை. சொல்லாமல் இருந்தது ஒரு விதிமீறல். கருவி வைத்து ஏமாற்றினால் நேர்மையின்மை. பென்ஷன் பணத்தைக் கையாளும் துறையில் அந்தச் சொல் உங்கள் கோப்பில் ஏறிவிட்டால் அடுத்த வேலை கிடைப்பதும் சிரமம்.

நாலரை ஆண்டு வீட்டிலிருந்து செய்தது உரிமையாகுமா?

தானாக ஆகாது. கால அளவைவிட எழுத்தில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். 2021-இல் வந்த பணி நியமனக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் எடுத்து, வேலை செய்யும் இடம் என்ற பகுதியைப் பாருங்கள். "உங்கள் வீடு" என்று இருந்தால் நிலைமை உங்கள் பக்கம். நிறுவனம் அதை மாற்ற உங்கள் சம்மதம் வேண்டும். "பர்மிங்காம் அலுவலகம், மறு அறிவிப்பு வரும்வரை வீட்டிலிருந்து" என்று இருந்தால், அந்த மறு அறிவிப்புதான் இப்போது வந்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்துக் கடிதங்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். இரண்டுக்கும் நடுவில், "நீங்கள் நிரந்தரமாக வீட்டு ஊழியர்" என்று மேலாளரோ மனிதவளத் துறையோ பிற்பாடு அனுப்பிய மின்னஞ்சல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அதை நம்பித்தான் பர்மிங்காமிலிருந்து தள்ளி வீடு வாங்கினீர்கள் என்றால் அதற்கும் எடை உண்டு.

ஒப்பந்தம் கைகொடுக்காவிட்டால், வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரக் கேட்கும் நெகிழ்வு வேலைக் கோரிக்கை இருக்கிறது. 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இதைக் கேட்கலாம். 12 மாதத்தில் இரண்டு முறை கேட்கலாம். மறுப்பதற்கு முன் உங்களோடு கலந்து பேச வேண்டும். மேல்முறையீடு உட்பட இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சட்டத்தில் பட்டியலிட்ட எட்டு வணிகக் காரணங்களில் ஒன்றைக் காட்டித்தான் மறுக்க முடியும்.

இதைப் படித்ததும் கையில் ஆயுதம் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இது கேட்கும் உரிமை, பெறும் உரிமை அல்ல. பிரிட்டனின் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான நிதி நடத்தை ஆணையத்தின் மேலாளர் ஒருவர் முழுநேரமும் வீட்டிலிருந்தே வேலை செய்யக் கேட்டு 2023-இல் லண்டன் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் வரை போனார். அவருடைய வேலைத்திறனில் யாருக்கும் குறை இல்லை. இருந்தும் மறுத்தது செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. முதலாளி காலக்கெடுவைத் தவறவிட்டதற்காக மட்டும் அவருக்குக் கிடைத்தது ஒரு வாரச் சம்பளம், 643 பவுண்டு. இந்தப் பிரிவில் தீர்ப்பாயம் தரக்கூடிய அதிகபட்சமே எட்டு வாரச் சம்பளம்தான், அதற்கும் வாரச் சம்பளத்தில் உச்சவரம்பு உண்டு. மறுப்பு நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 2025 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் சொல்கிறது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வரும்போது நிலைமை ஓரளவு மாறும். அதுவரை, வாரம் இரண்டு நாள் என்பதை ஒன்றாகக் குறைக்கவோ, மகனின் பள்ளி நேரத்துக்கு ஏற்ப மாற்றவோ கேட்பதில் வெற்றிக்கு வாய்ப்பு அதிகம். முழுவதும் வீடு என்று கேட்டால் அதே வாய்ப்பு சுருங்கிவிடும்.

திருச்சியிலிருந்து பதினான்கு வாரம்

இங்கே உங்கள் கணக்கில் இரண்டு தப்பு. அதோடு, உங்கள் மேலாளர் சொல்லக்கூடிய ஒரு காரணத்திலும் தப்பு இருக்கிறது; அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நெகிழ்வு வேலைச் சட்டம் இடத்தைப் பற்றிப் பேசும்போது "ஊழியரின் வீடு, முதலாளியின் வேலையிடம்" என்ற இரண்டுக்கு நடுவிலான தேர்வைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உங்கள் வீடு மிட்லண்ட்ஸில் இருக்கிறது. அண்ணன் காலிசெய்யப்போகும் திருச்சி வீட்டை "என் வீடு" என்று வாதிட இடமுண்டா என்றால், பதினான்கு வாரத்துக்கு அந்த வாதத்தை நான் சுமந்துகொண்டு தீர்ப்பாயத்துக்குப் போக மாட்டேன். நிறுவனத்தின் நல்லெண்ணத்தில் கேட்டுப் பெறவேண்டிய விஷயம் இது. அப்படிப் பெற வேண்டுமென்றால் முதல் பகுதியில் சொன்ன உண்மைக் கடிதம் முன்னால் போயிருக்க வேண்டும்.

இரண்டாவது, அம்மாவின் இயலாமை. மாற்றுத்திறனுள்ள ஊழியருக்கு நியாயமான மாற்றங்கள் செய்துதர முதலாளிக்குச் சமத்துவச் சட்டம் கடமை விதிக்கிறது. அந்தக் கடமை ஊழியருக்கு மட்டும்தான். அவர் பராமரிக்கும் உறவினருக்கு நீளாது. ஜெர்மனியில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக வேலை செய்த ஒரு தாய், மாற்றுத்திறனுள்ள மகளின் படிப்புக்காக பிரிட்டனுக்கு மாற்றல் கேட்ட வழக்கில் 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அம்மாவைப் பராமரிப்பதற்காக உங்களைக் கேலி செய்தாலோ, பதவி உயர்வில் ஓரங்கட்டினாலோ அது பாகுபாடு. அங்கே சட்டம் உங்களோடு நிற்கும். ஊர் மாற்றித் தரச் சொல்லும்போது நிற்காது.

இனி மேலாளரின் தப்பு. இத்தகைய கோரிக்கைகளுக்கு மனிதவளத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் பதில், "இந்தியாவிலிருந்து தரவைத் திறப்பதைச் சட்டம் தடை செய்கிறது" என்பது. அப்படி இல்லை. தன் நிறுவனத்தின் ஊழியரே வெளிநாட்டில் இருந்துகொண்டு நிறுவனத்தின் கணினி வழியாகத் தரவைப் பார்த்தால், அது இன்னொரு நிறுவனத்துக்குத் தரவை அனுப்பியதாகாது என்பதே தகவல் ஆணையரின் நிலைப்பாடு. தடை இருப்பது வேறு இடத்தில்: அறங்காவலர்களோடு உங்கள் நிறுவனம் போட்ட ஒப்பந்தத்தில். "பிரிட்டனுக்கு வெளியே எங்கள் உறுப்பினர் தரவைத் தொடக்கூடாது, தொட்டால் முன் அனுமதி வேண்டும்" என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். நீங்கள் ஆறு திட்டங்களைக் கவனிக்கிறீர்கள் என்றால் ஆறு அறங்காவலர் குழுக்கள். ஒரு குழு சம்மதித்து மற்றவை மறுக்கலாம்.

"எங்கள் நிறுவனத்துக்கே மும்பையில் கிளை இருக்கிறது, அங்கே இதே கோப்புகளைப் பார்க்கிறார்கள், நான் பார்த்தால் மட்டும் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கிளைக்கு அறங்காவலர் சம்மதம், தரவு மாற்ற ஒப்பந்தம், பூட்டிய கணினி, தணிக்கை எல்லாம் இருக்கும்; அண்ணன் வீட்டு ஹாலுக்கு இல்லை. அந்தக் கிளையிலேயே உட்கார்ந்து செய்கிறேன் என்றும் கேட்கலாம்தான். திருச்சியில் இருக்கும் அம்மாவைப் பார்க்க மும்பையில் போய் உட்காருவதில் என்ன பயன் என்று தெரியவில்லை.

எனவே கோரிக்கையை இப்படி எழுதிப் பாருங்கள். பதினான்கு வாரத்தையும் கேட்காமல், அதில் ஒரு பகுதியை மட்டும் வேலையாகக் கேளுங்கள். உறுப்பினர் தரவு தேவைப்படாத வேலை எது என்று நீங்களே பட்டியலிட்டுக் கொடுங்கள்: நடைமுறைக் குறிப்புகள் எழுதுவது, கடித மாதிரிகளைத் திருத்துவது, புதியவர்களுக்குப் பயிற்சிப் பாடம் தயாரிப்பது, கணக்கீட்டு விரிதாள்களைப் போலித் தரவு வைத்துச் சோதிப்பது. ஒருவர் தன் பென்ஷன்களையெல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில் பார்க்க உதவும் ஓய்வூதியத் தகவல் பலகைகளோடு திட்டங்கள் இணைய 2026 அக்டோபர் 31 கெடு என்பதால் உங்களைப் போல நாலரை ஆண்டு அனுபவம் உள்ளவரை இழக்க எந்த நிறுவனமும் தயங்கும். அந்தத் தயக்கத்தை மிரட்டலாக மாற்றாமல் பயன்படுத்துங்கள். தரவு தேவைப்படும் வேலையைத் தொட்டே ஆகவேண்டும் என்றால், சம்மதம் தந்த அறங்காவலர்களின் திட்டங்கள் மட்டும், நிறுவனத்தின் மெய்நிகர் திரை வழியாக மட்டும், அச்சிடுதல் கிடையாது, கதவடைத்த தனி அறை என்று நிபந்தனைகளை நீங்களே முன்வையுங்கள். கோடைக்கால நேரப்படி அங்கே காலை ஒன்பது மணி என்பது திருச்சியில் மதியம் ஒன்றரை. பிசியோதெரபிஸ்ட் வருவது, அம்மாவைக் குளிப்பாட்டுவது, மருத்துவமனை எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும் என்பதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

பென்ஷனை மாற்றிக்கொண்டு போகிறவர்களின் கோப்புகளை மட்டும் இந்தக் காலத்தில் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் ஆலோசனை. பென்ஷனுக்கு ஈடாகத் தரும் மாற்றுத்தொகைக்கு மூன்று மாத உத்தரவாதம், பணம் போய்ச்சேர ஆறு மாதம் என்று சட்டக் கெடுக்கள் அதில் ஓடிக்கொண்டிருக்கும். 2021 நவம்பர் 30 முதல் மோசடி அறிகுறிகளைத் தேடி மஞ்சள் கொடி (எச்சரிக்கை), சிவப்புக் கொடி (மாற்றத்தை நிறுத்து) பார்க்கவேண்டிய பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஸ்டீல் எஃகு நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்தில் ஏறக்குறைய 8,000 பேர் வெளியேறி, அவர்களில் பலர் தவறான ஆலோசனையால் நஷ்டப்பட்ட கதைக்குப் பிறகு, அந்தக் கோப்புகளில் ஒரு கையொப்பம் தவறினாலும் கேள்வி வரும். மின்வெட்டும் மருத்துவமனை அழைப்பும் நடுவில் புகும் வீட்டில் அது வேண்டாம்.

கேட்காமலே கிடைப்பவை

வேலையா அம்மாவா என்று நீங்கள் இரண்டே பெட்டிகளில் யோசிக்கிறீர்கள். நடுவில் சில விடுப்புகள் இருக்கின்றன. 2024 ஏப்ரல் 6 முதல் பராமரிப்பாளர் விடுப்பு என்று 12 மாதத்துக்கு ஒரு வாரம் உண்டு. சம்பளமில்லை, ஆனால் நிறுவனம் மறுக்க முடியாது, குறிப்பிட்ட சூழலில் ஒரு மாதம் வரை தள்ளிவைக்கத்தான் முடியும். பெற்றோர் எந்த நாட்டில் இருந்தாலும் பெற்றோர்தான். திடீரென்று அம்மா மறுபடி விழுந்துவிட்டால், ஏற்பாடுகள் செய்வதற்கு நியாயமான அளவு அவசர விடுப்பும் சட்டத்தில் உண்டு. அது ஓரிரு நாளுக்கானது, மாதக்கணக்கில் அல்ல. இவற்றோடு உங்கள் ஆண்டு விடுமுறையில் மூன்று வாரம், அதற்குமேல் சம்பளமில்லா விடுப்பு நான்கைந்து வாரம் என்று சேர்த்தால் பதினான்கில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. மீதிக்குத்தான் தொலைதூர வேலை கேட்க வேண்டியிருக்கும். மூன்று மாதம் கேட்பவரைவிட ஐந்து வாரம் கேட்பவருக்குச் சரி சொல்வது சுலபம். சம்பளமில்லா மாதங்களில் உங்கள் சொந்த பென்ஷன் பங்களிப்பு நின்றுபோகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சம்பளம் போனால் வீட்டுக் கடன் என்னவாகும் என்று எழுதியிருந்தீர்கள். திருச்சியில் முழுநேர உதவியாளர் ஒருவரை வைக்க ஆகும் செலவையும், உங்கள் ஒரு மாதச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அம்மாவுக்கு மகள் வேண்டும் என்பது புரிகிறது. முதல் ஐந்தாறு வாரம் மகள், அதன்பின் மகள் பார்த்து வைத்த ஆள் என்பதும் ஒரு வழிதான். உங்கள் கடிதத்தில் அந்த வழி எங்குமே பேசப்படவில்லை.

திரையைப் பார்க்கும் மென்பொருள்

கண்காணிக்கலாம், கண்டபடி கண்காணிக்க முடியாது. 2023 அக்டோபரில் தகவல் ஆணையர் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, என்ன பதிவாகிறது, ஏன், யார் பார்ப்பார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று ஊழியருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு அலுவலகத்தைவிட அந்தரங்கம் அதிகம் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கிருந்து உள்நுழைகிறீர்கள் என்ற பதிவு, பென்ஷன் தரவைக் காக்கும் நிறுவனத்துக்குத் தேவையானதுதான். அதை எதிர்த்து நேரம் செலவிடாதீர்கள். நாள் முழுக்க கேமராவைத் திறந்துவைக்கச் சொன்னாலோ, ஒவ்வொரு விசைத் தட்டலையும் பதிந்தாலோ, அதற்கான ஆபத்து மதிப்பீட்டைக் காட்டும்படி எழுதிக் கேளுங்கள். உங்களைப் பற்றிப் பதிவான தரவின் நகலைக் கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் இப்போது கேட்காதீர்கள். எக்செல் விவகாரம் மேசையில் இருக்கும் நேரத்தில் அது சண்டைக்கு நிற்பது போலத் தோன்றும்.

வரியும் நாள் கணக்கும்

இந்தியாவில் உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளம், லண்டன் வங்கியில் விழுந்தாலும், இந்தியச் சட்டப்படி இந்தியாவில் ஈட்டிய வருமானம்தான். "வெளிநாட்டுக் கம்பெனி சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது" என்று ஆடிட்டர் உறவினர் சொன்னது பாதி சரி. நீங்கள் இந்திய வரிக்கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவராகவே நீடித்து, அந்த நிதியாண்டில் இந்தியாவில் இருந்தது 183 நாளைத் தாண்டாமல், சம்பளத்தை மும்பைக் கிளை சுமக்காமல் இருந்தால், இரு நாட்டு இரட்டை வரி ஒப்பந்தத்தின் 16-ஆவது பிரிவு உங்களைக் காப்பாற்றும். பதினான்கு வாரம் அந்த எல்லைக்குள் அடங்கும். நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதால் அதே ஆண்டில் போய்வந்த மற்ற பயணங்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் சம்பளத்தில் பிடித்தம் வழக்கம்போலத் தொடரும். நிறுவனத்துக்கு இந்தியாவில் வரிப் பொறுப்பு ஏற்படுமோ என்ற கவலை அவர்களுடையது. அதை அவர்கள் கட்டாயம் எழுப்புவார்கள், குறுகிய காலம் கேட்டால் கவலையும் குறையும்.

குடியுரிமைதான் நீங்கள் யோசிக்காதது. ஐந்தாண்டு வழியில் விண்ணப்பிப்பவர், விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டில் 450 நாளுக்கு மேலும், கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்கு மேலும் பிரிட்டனுக்கு வெளியே இருந்திருக்கக் கூடாது. பதினான்கு வாரம் என்றால் 98 நாள். கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் கணக்கில் வராது. 100 நாள் வரை உள்துறை அமைச்சகம் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். ஆனால் டிசம்பர்ப் பயணமும் அதே 12 மாதத்துக்குள் விழுந்தால் அந்த எல்லையையும் தாண்டிவிடுவீர்கள். ஆகவே விண்ணப்பத் தேதியைச் சில மாதம் தள்ளிவைப்பதா, பயணத்தைச் சுருக்குவதா என்று கடவுச்சீட்டு முத்திரைகளை வைத்துக்கொண்டு நாள் எண்ணி முடிவு செய்யுங்கள். நிரந்தரத் தங்கும் அனுமதிக்கு இதனால் ஆபத்தில்லை. அது போவதற்குத் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியே இருக்க வேண்டும்.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். எக்செல் பற்றிய அறிக்கையும் மேலாளருக்கான பதிலும் ஒன்றாக, இந்த வாரமே போகட்டும். அவர்கள் விசாரணைக்கு அழைத்தால் எழுத்தில் குற்றச்சாட்டையும் ஆதாரத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டம் என்றால் சக ஊழியரையோ சங்கப் பிரதிநிதியையோ உடன் அழைத்துப்போக உங்களுக்கு உரிமை உண்டு. அதன் போக்கு தெரிந்தபின் பராமரிப்பாளர் விடுப்பு, அதற்குப் பின் திருச்சிக் கோரிக்கை. வேலைநீக்கம் என்று முடிந்தால் மட்டும் காத்திருக்காமல், பணித் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் அமைப்பைத் தொடர்புகொள்ளுங்கள். தீர்ப்பாயத்துக்கான காலக்கெடு வேலை போன நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும், நிறுவனத்துக்குள் மேல்முறையீடு நடப்பதால் அது நிற்காது.